மண் அறிக்கையில் இரும்புக்கு இன்னொரு வரி வேண்டும்

மண் பரிசோதனைக் கூடங்களில் அறிக்கை எழுதுபவர்களுக்கும், மண்ணில் எந்த மாசு எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வகுக்கும் குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் அறிக்கைகளைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அப்படிப்பட்ட அறிக்கைகளை நானே எழுதியும் இருக்கிறேன். ஆகவே இங்கே சொல்லப்போகும் குறைகளில் என் பங்கும் உண்டு. அறிக்கையின் அமைப்பு நம் எல்லோருக்கும் பழகியதுதான். ஈயம் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம், காட்மியம் இத்தனை, ஆர்சனிக் இத்தனை. பக்கத்துக் கட்டத்தில் வரம்பு. எண் வரம்புக்குக் கீழே இருந்தால் நிம்மதி, தாண்டினால் கவலை. மண்ணை அமிலத்தில் கொதிக்க வைத்து, உள்ளே இருந்ததை எல்லாம் வெளியே இழுத்து எண்ணியது அந்த எண். எண்ணில் பிழை இல்லை. ஆனால் அந்த ஈயமும் ஆர்சனிக்கும் மண்ணில் எதைப் பற்றிக்கொண்டு இருந்தன, அந்தப் பிடி எப்போது தளரும் என்று கேட்டால் அந்த எண் வாய் திறக்காது. பல மண்களில் அந்தப் பிடி பெருமளவு இரும்பு ஆக்சைடுகளின் கையில் இருக்கிறது. ஆர்சனிக்குக்கும் பாஸ்பேட்டுக்கும் இது இன்னும் பொருந்தும். அந்த இரும்பை அளந்து எழுத ஒரு வரி கேட்கத்தான் இந்த மடல்.

"இரும்பு ஏற்கெனவே அறிக்கையில் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, சரி. அது டிடிபிஏ என்ற, உலோக அயனிகளைப் பற்றி இழுக்கும் சேர்மத்தின் கரைசலில் வெளிவரும் இரும்பு. பயிருக்குக் கிடைக்கும் நுண்ணூட்டத்தை அளக்க லிண்ட்சே, நார்வெல் இருவரும் 1978-இல் வெளியிட்ட முறை அது. இலை வெளுக்குமா, வெளுக்காதா என்று பார்க்க நல்ல முறை. கிலோவுக்குச் சில மில்லிகிராம் அல்லது சில பத்து மில்லிகிராம் என்று வரும். மண்ணில் ஆக்சைடாகக் கிடக்கும் இரும்போ கிலோவுக்குச் சில கிராமில் தொடங்கிப் பல பத்து கிராம் வரை போகும். டிடிபிஏ எண் காட்டுவது பயிரின் உணவை. நான் கேட்பது மற்ற அயனிகளை எல்லாம் மாட்டி வைத்திருக்கும் ஆணிகளின் கணக்கு.

இரும்பு ஆக்சைடு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது ஒரு பொருள் இல்லை. சிவப்புக்குக் காரணம் ஹெமடைட். மஞ்சளும் பழுப்பும் கோதைட்டிலிருந்து வருகின்றன. (1806-இல் கவிஞர் கோதேயின் நினைவாக வைத்த பெயர். கவிஞர்களின் பெயரில் தெருக்கள் நிறைய உண்டு, கனிமங்கள் குறைவு.) இவை இரண்டும் நன்றாகப் படிகமானவை. மூன்றாவது ஃபெரிஹைட்ரைட். ஊற்று நீரில், வடிகால் வாயில், வேரின் மேல் புதிதாகப் படியும் துருநிறச் சேறு பெரும்பாலும் அதுதான். அதன் துகள் சில நானோமீட்டர்தான் இருக்கும், படிக ஒழுங்கும் அரைகுறை. பார்வைக்கு எளியது, வேலையில் கெட்டிக்காரன். ஹெமடைட் கொஞ்சம் இருந்தாலே மண் முழுவதும் சிவந்துவிடும், ஆனால் கிராமுக்குக் கிராம் பார்த்தால் அது பிடித்து வைப்பது குறைவு. அதனால் "நல்ல செம்மண், எதையும் பிடித்து வைத்துக்கொள்ளும்" என்று நிறத்தை நம்பிச் சொல்வது பாதிதான் உண்மை.

வித்தியாசம் பரப்பில் இருக்கிறது. ஃபெரிஹைட்ரைட் ஒரு கிராமில் பல நூறு சதுர மீட்டர் பரப்பு உண்டு. ஒரு கிலோ மண்ணில் அது எடையில் 1 சதவீதம், அதாவது 10 கிராம் என்று வையுங்கள். கிராமுக்கு 300 சதுர மீட்டர் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் 3,000 சதுர மீட்டர் வருகிறது. ஒரு கால்பந்து மைதானத்தில் ஏறக்குறையப் பாதி, இரண்டு கை நிறைய அள்ளிய மண்ணுக்குள் மடிந்து கிடக்கிறது. அதே எடை ஹெமடைட் இருந்தால் பரப்பு இதில் ஒரு சிறு பங்குதான். மொத்த இரும்பு இரண்டு மண்ணிலும் ஒரே எண்ணாக இருக்கலாம், பிடிக்கும் திறன் மட்டும் பல மடங்கு மாறும்.

அந்தப் பரப்பில் என்ன நடக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களில் பலருக்கு இது தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். படிகத்துக்கு உள்ளே இருக்கும் இரும்பு அணுவுக்குச் சுற்றிலும் ஆக்சிஜன் துணை உண்டு. விளிம்பில் நிற்கும் அணுவுக்கு ஒரு பக்கம் ஆளில்லை. அந்த இடத்தை நீரிலிருந்து வாங்கி, ஹைட்ராக்சில் தொகுதியாக நிரப்பிக்கொள்கிறது. இந்த ஹைட்ராக்சிலுக்கு இரண்டு குணம். அமிலம் மிகுந்தால் ஒரு புரோட்டானை வாங்கிப் பரப்பை நேர்மின் ஆக்கும். காரம் மிகுந்தால் புரோட்டானைக் கொடுத்துப் பரப்பை எதிர்மின் ஆக்கும். இரண்டும் சரிக்குச் சரியாகும் பிஎச் (அமில, கார அளவு) இந்த ஆக்சைடுகளுக்கு ஏறக்குறைய 7-க்கும் 9-க்கும் இடையில் வரும். மண்ணில் பெரும்பகுதி அதற்குக் கீழே இருப்பதால் இவற்றின் பரப்பு பெரும்பாலும் நேர்மின்னோடு நிற்கிறது. களிமண் தகடுகளோ எதிர்மின் கொண்டவை. மண்ணில் பாஸ்பேட், ஆர்சனேட் (ஆர்சனிக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தது) போன்ற எதிர்மின் அயனிகளுக்குப் புகலிடம் கொடுப்பதில் இரும்பும் அதன் கூட்டாளியான அலுமினியமும் முன்னே நிற்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரு காரணம்தான். மின் ஈர்ப்பு மட்டும் இருந்திருந்தால் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். நைட்ரேட்டும் குளோரைடும் அப்படித்தான் நிற்கின்றன: நடுவில் நீர் மூலக்கூறு இருக்க, தொட்டும் தொடாமலும், அடுத்த மழையில் கழுவிப் போகத் தயாராக. பாஸ்பேட் அப்படி இல்லை. பரப்பில் இருந்த ஹைட்ராக்சிலைத் தள்ளிவிட்டு, தன் ஆக்சிஜனையே நேராக இரும்போடு பிணைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் இரண்டு ஆக்சிஜன், பக்கத்துப் பக்கத்து இரண்டு இரும்பு. இது உடும்புப் பிடி. ஆர்சனேட் பாஸ்பேட்டின் அச்சு அசலான சாயல் என்பதால் அதுவும் அதே இடத்தில் அதே மாதிரி பிடிக்கிறது. இது வெறும் ஊகமாக இருந்த காலம் போய்விட்டது. 1987-இல் ஹேய்ஸும் அவர் குழுவினரும் கோதைட்டின் மேல் செலீனியத்தின் இரண்டு வடிவங்களை, ஈரம் உலராமலே, எக்ஸ் கதிரால் பார்த்தார்கள். செலினைட் இரும்போடு நேரே பிணைந்திருந்தது. செலினேட் நீரை இடையில் வைத்து எட்டி நின்றது. ஒரே தனிமம், ஒரே பரப்பு, ஆக்சிஜன் ஒன்றுதான் வித்தியாசம். உங்கள் அறிக்கையில் இரண்டும் "செலீனியம்" என்ற ஒரே வரிதான்.

ஈயம், செம்பு, துத்தநாகம், காட்மியம் ஆகியவை நேர்மின் அயனிகள். நேர்மின் பரப்பு அவற்றைத் தள்ளிவிட வேண்டும் அல்லவா? தள்ளுவதில்லை. பரப்பு நேர்மின்னோடு இருக்கும்போதே ஈயமும் செம்பும் புரோட்டானை விரட்டிவிட்டு ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கின்றன. வேதிப் பிணைப்பு மின் விலக்கை ஜெயிக்கிறது. ஆனால் புரோட்டானோடு போட்டி என்பதால் பிஎச் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு குறுகிய படி உண்டு. அந்தப் படிக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் ஒட்டாது. ஒன்றரை, இரண்டு பிஎச் அலகு ஏறினால் ஏறக்குறைய எல்லாமே ஒட்டிவிடும். ஈயத்துக்கும் செம்புக்கும் அந்தப் படி அமிலப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. துத்தநாகம் அதற்கு மேலே, காட்மியம் இன்னும் மேலே. பிஎச் 5.5-இல் ஈயம் அமர்ந்திருக்கும் அதே மண்ணில் காட்மியம் அலைந்துகொண்டிருக்கலாம்.

சரி, அப்படியென்றால் சுண்ணாம்பு போட்டுப் பிஎச்சை ஏற்றிவிடலாமே? பல அறிக்கைகளின் கடைசிப் பத்தியில் இந்தப் பரிந்துரை இருக்கிறது. காட்மியமும் ஈயமும் மட்டும் இருந்தால் நல்ல யோசனைதான். ஆர்சனேட்டும் கூட இருந்தால்? ஆர்சனேட் ஒட்டுவது அமிலப் பக்கத்தில் அதிகம். பிஎச் ஏற ஏறப் பரப்பின் நேர்மின் குறைந்து, ஆர்சனேட் பிடி தளர்கிறது. ஒன்றைக் கட்டப் போய் இன்னொன்றை அவிழ்த்துவிடுகிறோம். குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்த குரோமேட்டும் இதே பக்கம்தான். யுரேனியத்துக்கு இன்னொரு சிக்கல்: பிஎச் 8-ஐ ஒட்டிக் கார்பனேட் சேர்ந்தால், பிடித்திருந்த யுரேனைல் அயனியைக் கார்பனேட் கூட்டிக்கொண்டு கரைசலுக்குள் போய்விடும்.

இந்த இரட்டைச் சிக்கல் கற்பனை இல்லை. 1892-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜிப்சி அந்துப்பூச்சியை ஒழிக்க ஈய ஆர்சனேட்டைத் தெளிக்கத் தொடங்கினார்கள். பிறகு பல பத்தாண்டுகள் அது ஆப்பிள் தோட்டங்களின் வழக்கமான மருந்தானது. அந்தத் தோட்டங்களின் மேல்மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்தே கிடக்கின்றன. ஈயத்தை அடக்க ஒரு நல்ல வழி பாஸ்பேட் சேர்ப்பது. ஈயம் கரைவதற்குக் கடினமான பாஸ்பேட் கனிமமாக மாறும். ஆனால் அதே பாஸ்பேட் ஆர்சனேட்டின் இருக்கையைப் பிடுங்கிக்கொண்டு, ஆர்சனேட்டைக் கீழே இறங்கும் நீரில் தள்ளிவிடுகிறது. தோட்டத்துக்குச் சாதாரண உரமாகப் போடும் பாஸ்பேட்டும் இதையே செய்யும், அளவுதான் வேறு. மொத்த ஈயம், மொத்த ஆர்சனிக் என்ற இரண்டு எண்களை வைத்துக்கொண்டு இந்த விளைவை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரும்பின் பரப்பில் இன்னும் எத்தனை இருக்கை காலி என்று தெரிந்தால் சொல்ல முயலலாம்.

காலி இருக்கை என்று சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் என் கோரிக்கையின் மையம் அதுதான். எல்லா இருக்கையும் ஒரே தரம் இல்லை. 1990-இல் ஜோம்பாக், மோரெல் இருவரும் புதிதாகப் படிந்த இரும்பு ஆக்சைடு பற்றிய பழைய அளவீடுகளை எல்லாம் கூட்டிக் கழித்து ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு மோல் (அணுக்களை எண்ணும் அலகு) இரும்புக்குச் சாதாரண இருக்கை 0.2 மோல். உலோக அயனிகளை இறுக்கிப் பிடிக்கும் இருக்கை 0.005 மோல்தான். அதாவது நாற்பதுக்கு ஒன்று. முதலில் வரும் உலோகம் நல்ல இடத்தில் அமரும். பின்னால் வருபவற்றுக்குத் தளர்ந்த இடங்கள். அதனால் ஒரு மண் முதல் 10 மில்லிகிராம் காட்மியத்தைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, அடுத்த 10 மில்லிகிராமையும் அப்படியே பிடிக்கும் என்று எழுதக் கூடாது. மாசு வரம்புக்கு உள்ளேயே இருக்கும் மண்ணில்கூட, இருக்கை நிரம்பிவிட்டால் கசிவு தொடங்கும். வரம்பைத் தாண்டிய மண் ஒன்று, இருக்கை நிறைய இருப்பதால், பேசாமல் இருக்கவும் கூடும்.

இதை ஒரு நாடு நடைமுறையிலேயே வைத்துக் காட்டியிருக்கிறது. நெதர்லாந்தில் கால்நடை எரு அளவுக்கு மீறிக் கொட்டப்பட்ட மணல் நிலங்களில் பாஸ்பேட் நிலத்தடி நீருக்கு இறங்கியபோது, மொத்தப் பாஸ்பரஸைப் பார்த்துப் பயனில்லை என்று புரிந்துகொண்டார்கள். ஆக்சலேட் என்ற உப்பின் அமிலக் கரைசலில் கரையும் பாஸ்பரஸை, ஆக்சலேட்டில் கரையும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்த மோல் கணக்கில் பாதியால் வகுத்து, "நிறைவு வீதம்" என்று பெயர் வைத்தார்கள். 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த நிலம் கசியும் நிலம். எவ்வளவு எளிமை பாருங்கள். ஒரே கரைசல், மூன்று தனிமம், ஒரு வகுத்தல். சுண்ணாம்பு மண்ணுக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே கால்சியம் வேறு கணக்குப் போடுகிறது. ஆனால் கேள்வியைக் கேட்ட விதம் சரி: இந்த மண்ணின் கையில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது?

இதுவரை சொன்னது காற்று புகும் மண்ணைப் பற்றி. நீர் தேங்கினால் கதையே மாறுகிறது, என்னைப் பொறுத்தவரை அறிக்கைகளின் பெரிய ஓட்டையும் இங்கேதான்.

மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் மூச்சு விட வேறு வழி தேடுகின்றன. முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, அதன் பிறகு இரும்பு. ஜியோபாக்டர், ஷெவனெல்லா போன்ற உயிர்கள் தங்கள் எலக்ட்ரானை இரும்பு ஆக்சைடின் மேல் இறக்கிவைக்கின்றன. ஆக்சைடில் இருக்கும் ஃபெரிக் இரும்பு அந்த எலக்ட்ரானை வாங்கி ஃபெரஸ் ஆகிறது. ஃபெரஸ் இரும்பு நீரில் கரையும். ஆணி கரைந்தால் மாட்டியிருந்த சட்டை எங்கே போகும்? ஆர்சனேட் கரைசலுக்கு வருகிறது. போதாததற்கு அதுவே ஆர்சனைட்டாக ஒடுக்கப்பட்டு, சாதாரண பிஎச்சில் மின்னூட்டமே இல்லாத வடிவத்தில் நடமாடுகிறது.

வங்காளச் சமவெளியின் குழாய்க் கிணறுகளில் நடந்தது இதுதான். இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் மணலின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு, அந்தப் பூச்சில் ஆர்சனிக். வண்டலில் புதைந்த கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் பூச்சைக் கரைத்தன. நிக்சனும் குழுவினரும் 1998-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். அதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்றே: அந்த வண்டலில் மொத்த ஆர்சனிக் அசாதாரணமானதே இல்லை. பெரும்பாலும் கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான், உலகில் எத்தனையோ மண்ணில் இருக்கும் அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஆர்சனிக் உள்ள வண்டல். நீரில் மூழ்கிய ஒரு கிலோ வண்டலின் துளைகளில் ஏறக்குறைய கால் லிட்டர் நீர் இருக்கும். ஆர்சனிக்கில் 1 சதவீதம் மட்டும், அதாவது 50 மைக்ரோகிராம் அந்த நீருக்கு வந்தால், லிட்டருக்கு 200 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு 10. இருபது மடங்கு! அந்த வண்டலை நம் வழக்கமான படிவத்தில் எழுதியிருந்தால் ஆர்சனிக் வரிக்கு நேரே "வரம்புக்குள்" என்று முத்திரை விழுந்திருக்கும்.

நெல் வயலில் இதன் இரண்டு முகமும் ஒரே பருவத்தில் தெரியும். நீர் கட்டியதும் இரும்பு கரைந்து, அதோடு பிடிபட்டிருந்த பாஸ்பேட்டும் விடுபடுகிறது. பயிருக்கு நல்லது. ஆர்சனிக்கும் விடுபடுகிறது. அது நல்லதல்ல. அதே நேரத்தில் காட்மியம் சல்பைடாக அடங்கிக் கிடக்கிறது. வயலை வடித்ததும் எல்லாம் தலைகீழ். இரும்பு மறுபடி துருவாகி ஆர்சனிக்கைப் பிடிக்கிறது, சல்பைடு உடைந்து காட்மியம் வெளியே வருகிறது. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் காட்மியம் நெல் வழியாக மனிதர்களின் எலும்பு வரை போன கதையை நீங்கள் அறிவீர்கள். ஆர்சனிக்குப் பயந்து வயலைக் காயப்போடச் சொன்னால் காட்மியம், காட்மியத்துக்குப் பயந்து நீர் கட்டச் சொன்னால் ஆர்சனிக். நடுவில் வேர் தன் பாட்டுக்கு ஒரு வேலை பார்க்கிறது. தண்டு வழியாக இறங்கும் ஆக்சிஜனைக் கொஞ்சம் கசியவிட்டு, தன்னைச் சுற்றி ஒரு துருப்பூச்சைக் கட்டிக்கொண்டு, அதில் ஆர்சனிக்கை ஓரளவு தடுத்து நிறுத்துகிறது. வயலில் பிடுங்கிய வேர் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் இதுதான் காரணம்.

இப்போது அந்த வயல் மண் உங்களிடம் எப்படி வருகிறது? பையில் அடைத்து, காற்றில் உலர்த்தி, அரைத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து. உலரும்போதே ஃபெரஸ் இரும்பு ஆக்சிஜனைச் சந்தித்து ஃபெரிஹைட்ரைட்டாகப் படிகிறது, கரைசலில் திரிந்த ஆர்சனிக்கை வாரி எடுத்துக்கொள்கிறது. நாம் அளப்பது வயலில் இல்லாத ஒரு மண்ணை. நான் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றேன். ஒரு முறை நீர் தேங்கிய மண்ணின் துளை நீரைச் சேகரித்து, வடிகட்டிவிட்டு, அமிலம் சேர்க்க மறந்துவிட்டேன். காலையில் கண்ணாடி மாதிரி இருந்த நீர் சாயங்காலம் கலங்கி, மறுநாள் புட்டியின் அடியில் மஞ்சள் படிவு. தெளிந்த நீரை மட்டும் எடுத்து அளந்தேன். ஆர்சனிக் மிகக் குறைவு என்று சந்தோஷமாக எழுதிக் கொடுத்தேன். ஆர்சனிக் முழுவதும் நான் கொட்டிக் கழுவிய அடிப்படிவில் இருந்தது. என்னுடன் வேலை பார்த்த அக்கா ஒருவர் புட்டியைத் தூக்கிப் பார்த்து, "இரும்பு உன்னை ஏமாத்திடுச்சு" என்றார்.

இன்னொன்று, காலம். 1834-இல் பன்சனும் பெர்த்தோல்டும் ஆர்சனிக் நஞ்சுக்கு மாற்று மருந்தாக இரும்பு ஹைட்ராக்சைடைக் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். புதிதாகப் படிய வைத்ததாக இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியம். புதியது பிடிக்கும், பழையது சோம்பேறி. மண்ணிலும் ஃபெரிஹைட்ரைட் மெல்ல மெல்லக் கோதைட்டாகவோ ஹெமடைட்டாகவோ மாறுகிறது, பரப்பு சுருங்குகிறது. பிடித்து வைத்தவற்றின் கதி தனிமத்துக்குத் தனிமம் வேறு. நிக்கல், கோபால்ட் போன்ற சிறிய அயனிகள் படிகத்துக்குள்ளேயே இடம் பிடித்துவிடும். ஈயம் பெரிய அயனி, உள்ளே பொருந்தாமல் பெரும்பாலும் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் கரிமப் பொருளும் பரப்பை மூடியிருந்தால் இந்த முதுமை தள்ளிப்போகும். ஆகவே மாசு மண்ணில் இரும்பு உப்பைக் கொட்டிவிட்டு ஆறு மாதம் கழித்து "தீர்ந்தது" என்று அறிக்கை மூடுவது அவசரம். இரும்பு உப்பு நீரில் பிரிந்து ஆக்சைடாகும்போது அமிலமும் உண்டாகும் என்பதை மறந்து, சுண்ணாம்பு சேர்க்காமல் விட்டால், பக்கத்தில் இருந்த காட்மியத்தை நாமே கிளப்பிவிட்டதாகும்.

பிடி உறுதியாக இருந்தும் மாசு நடந்து போவதுண்டு. ரஷ்யாவின் மயாக் அணு வளாகத்தின் நிலத்தடி நீரில் புளூட்டோனியம் கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்திருந்தது. மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்கள் அதைச் சுமந்து சென்றதாக 2006-இல் தெரியவந்தது. பிடித்தவனே நடந்தால் பிடிபட்டவனும் கூடவே போவான். இதற்கு எளிய பரிசோதனை ஒன்றும் என்னிடம் இல்லை, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிய கருவிகளை இல்லை. எக்ஸ் கதிர் ஒளிக்கற்றை எல்லாம் ஆராய்ச்சிக்கு. மாசு என்று சந்தேகப்படும் மண்ணுக்கும், நீர் தேங்கும் நிலத்துக்கும், மொத்த அளவோடு சேர்த்து ஆக்சலேட் இரும்பை எழுதுங்கள். அம்மோனியம் ஆக்சலேட், பிஎச் 3, நான்கு மணி நேரம் குலுக்கல். ஃபெரிஹைட்ரைட் போன்ற படிகம் தேறாத பகுதி அதில் கரையும். முடிந்தால் டைதியோனைட் இரும்பும் சேருங்கள். மெஹ்ரா, ஜாக்சன் இருவரின் 1960-ஆம் வருட முறை போதும், படிகமான ஆக்சைடுகளையும் அது கரைக்கும். இரண்டின் விகிதம் அந்த மண்ணின் இரும்பு எவ்வளவு இளமையாக இருக்கிறது என்று சொல்லிவிடும். மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் நிறைய உள்ள மண்ணில் ஆக்சலேட் எண் மிகையாக வரும், அதையும் ஒரு வார்த்தை குறித்துவிடுங்கள். அதே ஆக்சலேட் கரைசலிலேயே அலுமினியம், பாஸ்பரஸ், ஆர்சனிக் மூன்றையும் அளந்தால் இருக்கை எத்தனை, நிரம்பியது எத்தனை என்ற கணக்கு கையில் இருக்கும். அப்புறம், மாதிரி எடுத்த அன்று நிலம் ஈரமா, நீருக்குள் இருந்ததா, எத்தனை நாளாக என்பதற்குப் படிவத்தில் ஒரு கட்டம். நீருக்குள் இருந்த மண்ணை உலர்த்தாமல், காற்றுப் படாமல் ஒரு பங்கு தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வரம்பு வகுக்கும் குழுக்களிடம் கேட்பது இதைவிடக் கடினம், தெரியும். ஒரு தனிமத்துக்கு ஒரே எண் என்பது நிர்வாகத்துக்குச் சுலபம், வழக்கு வந்தால் வாதிடவும் சுலபம். அந்த எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பிஎச்சையும் ஆக்சலேட் இரும்பையும் வைத்து அந்த எண் இரண்டு மூன்று படிகளாகப் பிரியட்டும். நீர் தேங்கும் நிலத்துக்குத் தனிப் படி இருக்கட்டும். சுண்ணாம்போ பாஸ்பேட்டோ பரிந்துரைக்கும் எந்த அறிக்கையும், அதே மண்ணில் ஆர்சனிக்கும் குரோமியமும் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்று முதலில் சொல்லட்டும். "எவ்வளவு செலவாகும்" என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். ஆக்சலேட், குலுக்கும் கருவி, ஏற்கெனவே கூடத்தில் இருக்கும் அளவிடும் கருவி. புதிதாக வேண்டியது ஆளின் அரை நாள்.

இப்படிக்கு,
மண் புட்டிகளோடு வெகு காலம் கழித்த ஒருவன்

பின்குறிப்பு: ஆக்சலேட் குலுக்கலை இருட்டில் செய்யுங்கள். 1964-இல் ஷ்வெர்ட்மான் இதை வற்புறுத்தியது சும்மா இல்லை. வெளிச்சம் பட்டால் ஆக்சலேட் இரும்பை ஒடுக்கத் தொடங்கி, கரையக் கூடாத கோதைட்டையும் ஹெமடைட்டையும் கரைத்துவிடும், எண் தாறுமாறாக ஏறும். கறுப்புத் துணி சுற்றினால் போதும். ஜன்னல் ஓரத்தில் குலுக்கும் கருவியை வைத்திருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள்.